கரணம் போட்டால் ஐந்நூறு மீட்டர்

திரைச்சீலைக் கடையில் அளவெடுக்கிற ஆளுக்குத் 'தோராயம்' என்று பட்டப்பெயர் விழுந்தால் அந்தக் கடை எப்படி உருப்படும்? நம் ஆளுக்கு அப்படித்தான் விழுந்தது. ஜன்னல் எவ்வளவு உயரம் என்று கேட்டால், இடுப்பிலிருந்து டேப்பை உருவுவதற்கு முன்னாலேயே, "தோராயமா ஒரு அஞ்சரை அடி வைங்களேன்" என்பான். அவன் அளவெடுத்த வீடுகளில் திரைச்சீலை ஒன்று தரையைப் பெருக்கும், இல்லாவிட்டால் முழங்கால் தெரிய நிற்கும். கடைசியில் முதலாளி அவனுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டு, "அப்பா சாமி, இனிமே நீ டேப்பையே தொடாதே. ஏணியில ஏறு, சுவத்துல துளை போடு, கம்பியை மாட்டு, இறங்கி வா" என்று சொல்லிவிட்டார். கடையில் பிறந்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து, இப்போது அக்கா மகளே 'தோராயம் மாமா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

வீடு என்றால் அக்கா வீடு. அக்கா மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். அத்தான் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒற்றைக் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் யாராவது தும்மினால் காணாமல் போகிற திருகாணிகளோடு நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவர். அவள் மில்லிகிராம், அவர் விநாடி. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இவன் எப்படி மூன்று வருடம் காலம் தள்ளினான் என்பதுதான் அதிசயம். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்று பையும் கையுமாக வந்தவன். அந்த ஒரு வாரமும் தோராயக் கணக்குதான் என்பது அத்தானுக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். வினை வந்தது அக்கா மகள் குட்டியின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில்.

குட்டியை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். பக்கத்தில் நல்ல பள்ளி ஒன்று இருந்தது. அன்றைக்கென்று அக்காவுக்குக் கடையில் ஆள் இல்லை, இரண்டு வேளையும் அவளே நின்றாள். அத்தான் மேசை மீது ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் குடல் வெளியே தெரியக் கிடந்தது. "மச்சான், இதையாவது ஒழுங்கா எழுதிக் குடுத்துட்டு வா" என்று விண்ணப்பத்தை இவன் கையில் திணித்தார். இவனும் ஒழுங்காகத்தான் எழுதினான். பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி எல்லாம் மணி மணியாக எழுதினான். அடுத்து ஒரு கட்டம் வந்தது. 'வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட தூரம்.' பேனா நின்றது. அய்யா யோசிக்க ஆரம்பித்தார். அவன் யோசிக்க ஆரம்பித்தாலே ஏதோ ஒன்றுக்கு வேட்டு என்று அர்த்தம்.

கிட்டத்தில் இருக்கிறோம் என்று எழுதினால், 'இவங்களுக்கு என்ன அவசரம், பக்கத்துல இருக்கிறவங்கதானே' என்று ஒதுக்கிவிடுவார்கள். தூரம் என்று எழுதினால், 'பாவம், இந்தப் பிஞ்சு அங்கிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்து படிக்க ஆசைப்படுதே' என்று மனம் இளகுவார்கள். இப்படிக் கணக்குப் போட்டு, 'தோராயமாக ஒரு கிலோமீட்டர்' என்று எழுதி, கடிகாரத்திலிருந்து தலை நிமிராத அத்தானிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். நல்லது நினைத்துத்தான் செய்தான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேண்டுமென்றே கெடுதல் செய்கிறவனையாவது கையைப் பிடித்து நிறுத்தலாம், இந்த மாதிரி ஆட்களை என்ன செய்வது?

பள்ளியின் விதியோ நேர் எதிர். ஐந்நூறு மீட்டருக்குள் வீடு இருந்தால்தான் இடம். பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள், குட்டி பெயர் இல்லை. அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கைக்குட்டையைக்கூடத் தினம் எங்காவது தொலைத்துவிட்டு வருகிற பிள்ளையை இரண்டு பஸ் மாற்றி எப்படி அனுப்புவது என்று அக்கா அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்தவள், தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளைக் கூப்பிடுவாள். "குட்டி, தட்டு வெச்சாச்சுன்னு உன் மாமாகிட்ட சொல்லு." மாமா எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். குட்டியும் திரும்பி, "மாமா, தட்டு வெச்சாச்சாம்" என்று ஒப்பிப்பாள்.

அத்தான் குரலை உயர்த்தவே இல்லை. கண்ணிலிருந்து உருப்பெருக்கியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாசக் கடைசிக்குள்ள அந்தப் பள்ளிக்கூடத்துல குட்டிக்கு இடம் வாங்கிக் குடு. இல்லைன்னா நீ வேற இடம் பாத்துக்க." அவ்வளவுதான். அத்தான் சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை, விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவர். இவனுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, காலையில் குட்டி வந்து காலைப் பிடித்து இழுத்து எழுப்பாத ஒரு வீட்டில் கண் விழிப்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே கல்வி அலுவலகத்துக்கு ஓடினான். அங்கே மூக்குக்கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அது தோராயமா எழுதினது சார். அசல்ல அவ்வளவு இல்ல."

"அசல் எவ்வளவு?"

அசலை அன்று காலைதான் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அடி எண்ணி நடந்து பார்த்திருந்தான். வீட்டிலிருந்து தெரு நேராகப் போய் ரொட்டிக்கடை முக்கில் திரும்புகிறது. அதுவரை முந்நூறு. திரும்பிப் பள்ளி வாசல் வரை நானூறு. "எழுநூறு" என்று மென்று விழுங்கினான்.

"விதி ஐந்நூறு" என்றார் எழுத்தர். "நீங்க இங்கேயே குட்டிக்கரணம் போட்டாலும் இடம் கிடையாது. அடுத்த ஆள் வாங்க!"

அடுத்த நாள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி ஜன்னலுக்குக் கம்பி மாட்டுகிற வேலை. ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, துளை போடுகிற மெஷினைக் கையில் பிடித்தபடி வெளியே பார்த்தான். கீழே அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்தது. அக்கா வீடு தெரிந்தது. ரொட்டிக்கடை முக்கு தெரிந்தது. பள்ளியும் தெரிந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மூடிக்கிடக்கிற பிஸ்கட் ஃபாக்டரி, சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டு பரந்து கிடந்தது. தெருக்காரர்கள் அத்தனை பேரும் அந்தச் சுவரைச் சுற்றித்தான் போகிறார்கள். ஒரு காக்கை மட்டும் அக்கா வீட்டு மாடியிலிருந்து கிளம்பி, ஃபாக்டரிக்கு மேலே குறுக்கே பறந்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் போய் உட்கார்ந்தது.

ஜன்னல் சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை கயிறு பிடிப்பது அவன் தொழிலில் தினமும் நடக்கிற காரியம். அதையே அன்றைக்கு முதல் தடவையாக ஊர் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தான். தெரு ஒரு பக்கம். திரும்பிப் போகிற சாலை இன்னொரு பக்கம். இரண்டும் முக்கில் நேர் மூலையாகச் சேர்கின்றன. காக்கை பறந்த குறுக்குக் கோடுதான் கர்ணம். பள்ளியில் படித்ததில் அவன் தலையில் தங்கிய ஒரே சமாசாரம் இதுதான்: மூன்றும் நாலும் பக்கங்கள் என்றால் கர்ணம் ஐந்து. முந்நூறும் நானூறும் என்றால்?

"ஐந்நூறு!" என்று கத்தினான். வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், "ஐந்நூறு துளையெல்லாம் வேண்டாம்ப்பா, நாலு போதும்" என்றாள்.

அன்று சாயங்காலமே மனு எழுதினான். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழுத்துக்குப் புள்ளி வைப்பதிலும் அவன் தோராயம்தான். ஒரு வரியை முழுக்க எழுதி முடித்துவிட்டு, அப்புறம் மேலே புள்ளிகளைத் தூவிக்கொண்டே போவான். உத்தேசமாக எங்கெங்கே வேண்டுமோ அங்கங்கே விழும். அன்றைக்கு 'கர்ணம்' என்ற சொல்லில் 'ர' மேல் விழ வேண்டிய புள்ளி விழவில்லை. ஆக, மனு இப்படிப் போய்ச் சேர்ந்தது: 'எங்கள் வீட்டிலிருந்து சாலை வழியாக நடந்தால் எழுநூறு மீட்டர். ஆனால் கரணம் போட்டால் ஐந்நூறு மீட்டர்தான். ஆகவே மாணவிக்கு இடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

எழுத்தர் அதைப் படித்தார். இரண்டு நாளைக்கு முன்னால் குட்டிக்கரணம் போட்டாலும் கிடையாது என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னையே நக்கல் பண்றானா இவன் என்று கோபம் தலைக்கேறியது. சாதாரண மனுவாக இருந்தால் அடுக்கின் அடியில் செருகியிருப்பார், அது பத்து வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். இவனுக்கு ஒரு பாடம் புகட்டாமல் விடுவதில்லை என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்தில் அதை நக்கலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பினார்கள். அக்கா வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது.

'மாணவி கரணம் அடித்துப் பள்ளிக்கு வர ஏற்பாடு செய்திருப்பதாகத் தெரிகிறது. இது குழந்தையின் பாதுகாப்பு தொடர்பானது என்பதால் ஆய்வாளர் வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து விசாரிப்பார்.'

அத்தான் அதை ஒரு முறை சாதாரணமாகப் படித்தார். பிறகு உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு படித்தார். எழுத்து பெரிதானதே தவிர விஷயம் மாறவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டாள். "குட்டி, உனக்கு ஒரு மாமா இருந்தாரு, வெள்ளிக்கிழமையோட சரின்னு சொல்லிடு."

"ரொம்பத் தூரம் கரணம் அடிக்கணுமா மாமா?" என்று குட்டி கவலையாகக் கேட்டாள். "எனக்கு ஒண்ணுதான் வரும். ரெண்டாவதுல தலை சுத்தும்."

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மா வந்தார். உயரமான ஆள், காலில் ஓட்டத்துக்குப் போடுகிற ஷூ, கையில் நீளமான கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம். அதை உருட்டிக்கொண்டே போனால் எத்தனை மீட்டர் என்று காட்டும். வந்ததும் தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளாமல் நேராகக் குட்டி முன்னால் குனிந்தார்.

"பாப்பா, பயப்படாம சொல்லு. இந்த வீட்டுல யாராவது உன்னைக் கரணம் அடிக்கச் சொல்றாங்களா?"

"இல்லையே. நானே அடிப்பேன். கட்டில்ல."

"பள்ளிக்கூடம் வரைக்கும்?"

"அவ்வளவு பெரிய கட்டில் இல்லையே" என்றாள் குட்டி.

தோராயம் பாய்ந்து முன்னால் வந்தான். "மேடம், மேடம், அது கரணம் இல்ல, கர்ணம்! ஒரு புள்ளி விட்டுப்போச்சு!" என்று சுவரில் விரலால் முக்கோணம் வரைந்து காட்டினான். ஆய்வாளர் அம்மா மனுவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விட்டுப்போன புள்ளி இரண்டு வரி தள்ளி வெற்றிடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"சரி. நீங்க யாரு?"

"தோராயம் மாமா" என்றாள் குட்டி.

"தோராயம் எல்லாம் நமக்கு ஆகாதும்மா. சரியாச் சொல்லணும்."

"இல்ல மேடம், அது அவன் பேரு" என்றார் அத்தான், ரொம்ப வருத்தத்தோடு.

ஆய்வாளர் அம்மா பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். 'இடைப்பட்ட தூரம்' என்றுதான் இருந்தது, சாலை வழி என்று எங்கேயும் இல்லை. "இத்தனை வருஷமா யாரும் கேக்கவே இல்ல" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "நேர்கோட்டுல ஐந்நூறுக்குள்ள இருந்தா நான் இடம் குடுத்துடுவேன். ஆனா ஃபாக்டரிக்குள்ள சக்கரத்தை உருட்ட முடியாது. ரெண்டு பக்கத்தையும் அளந்துதான் கணக்குப் போடணும். அதுக்கு அந்த முக்கு சரியான செங்கோணமா இருக்கணும். இருக்கா?"

"தோராயமா..." என்று தொடங்கியவனை அக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

எல்லோரும் முக்குக்குக் கிளம்பினார்கள். ரொட்டிக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். நடைபாதையின் ஓரங்கள் இரண்டும் சேர்கிற மூலையிலிருந்து தோராயம் ஒரு பக்கம் மூன்று மீட்டர் அளந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டான். இன்னொரு பக்கம் நாலு மீட்டர் அளந்து கோடு போட்டான். "இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் குறுக்கே அஞ்சு மீட்டர் வந்தா மூலை நேரா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லி, டேப்பின் ஒரு நுனியை அக்காவிடம் கொடுத்து இன்னொரு நுனியை இழுத்துக்கொண்டு சாலைக்குக் குறுக்கே போனான். ஒரு சைக்கிள்காரர் சடாரென்று பிரேக் போட்டு, "ஏன்யா, நடுரோட்டுல துணி காயப் போடப் போறீங்களா?" என்று கத்தினார். எண்ணைப் படிக்க அவனை யாரும் நம்பவில்லை. அத்தான்தான் மண்டியிட்டு உட்கார்ந்து, உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு குனிந்தார்.

"அஞ்சு" என்றார். மறுபடியும் பார்த்தார். "அஞ்சேதான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

ரொட்டிக்கடைக்காரர் கையைத் தட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அடுத்து சக்கரம். பள்ளி வாசலிலிருந்து முக்கு வரை உருட்டினார்கள். சரியாக நானூறு. தோராயத்தின் முகம் மலர்ந்தது. முக்கிலிருந்து வீட்டு வாசலுக்கு உருட்டினார்கள். சக்கரம் முந்நூறைத் தாண்டியது. வீடு இன்னும் வரவில்லை. அவன் முகம் சுருங்க ஆரம்பித்தது. நேராக வாசல்படியில் போய் முட்டி நின்றபோது, முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்று நடந்து பார்த்தபோது, அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பிலிருந்த கல்லை எடுத்தவன், மீதி தூரத்தை அப்படியே விட்டுவிட்டான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆய்வாளர் அம்மா கைபேசியில் தட்டினார். ஒவ்வொரு பக்கத்தையும் அதாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தார். "ஐந்நூற்று ஏழு. ஏழு மீட்டர் அதிகம்" என்றார். சக்கரத்தின் கைப்பிடியை மடக்கத் தொடங்கிவிட்டார்.

ஏழு மீட்டர்! அவன் மாட்டுகிற நீளமான கம்பியில் இரண்டு சேர்த்தால் வருகிற தூரம். அவன் அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அத்தான் சக்கரத்தின் எண்ணை உருப்பெருக்கி வழியே மறுபடி பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. குட்டி பக்கத்தில் வந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

அக்காதான் வாயைத் திறந்தாள். மருந்துச் சீட்டில் ஒரு எழுத்துக்கூட விடாமல் படித்துப் பழகியவள். "மேடம், அந்தப் புத்தகத்துல வீடுன்னு போட்டிருக்கா, வீட்டு வாசல்னு போட்டிருக்கா?"

ஆய்வாளர் அம்மா பிரித்துப் பார்த்தார். "வீடுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப எங்க வீடு வாசலோட முடிஞ்சிடலையே. பின்னால ஃபாக்டரிப் பக்கம்தானே போகுது? சமையலறைச் சுவர் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கிட்டதானே?"

தோராயம் துள்ளி எழுந்தான். "ஆமா மேடம்! வீடு எவ்வளவு உள்ளே போகுதோ, நானூறுல அவ்வளவு குறையும்! முந்நூற்றுப் பன்னெண்டு அப்படியேதான் இருக்கும், அதுல மாத்தமில்ல!" என்றான். அவன் பிறந்ததிலிருந்து சொன்னதில் இதுதான் சுத்தமான கணக்கு.

வீட்டுக்குள் டேப் பிடித்தார்கள். கூடத்தின் வழியாக, அத்தானின் மேசைக்கு அடியில் நுழைந்து, சமையலறைப் பின்சுவர் வரை ஏழு மீட்டர். நானூறு போய் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆயிற்று. கைபேசியில் தட்டினார்கள். ஐந்நூற்று ஒன்றேமுக்கால்.

"ஐயோ!" என்றாள் அக்கா. அந்த ஒன்றேமுக்கால் மீட்டர் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற இடம்தான். அடுப்பை உடைத்துச் சுவரைத் தள்ளிக் கட்டலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"இதுக்கும் பின்னால மாமா வீடு இருக்கே" என்றாள் குட்டி.

எல்லோரும் பின்கதவு வழியாகப் பார்த்தார்கள். குறுகலான முற்றத்தைத் தாண்டி, ஃபாக்டரிச் சுவரை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு அறை. முன்னால் பழைய சாமான்கள் போட்டு வைக்கக் கட்டியது. இப்போது அதற்குள் ஒரு கட்டிலும், சுவரில் நாலு சட்டையும், முழங்கால் உயரத்தில் நிற்கிற ஒரு திரைச்சீலையும் இருந்தன. ஆய்வாளர் அம்மா டேப்பைத் தானே பிடித்துக்கொண்டு போனார். வாசலிலிருந்து மொத்தம் பதினொரு மீட்டர். தட்டினார்.

"நானூற்றுத் தொண்ணூற்று எட்டரைக்குக் கொஞ்சம் மேல" என்றார். "ஐந்நூறுக்குள்ள வருது."

அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டாள். "இருங்க இருங்க" என்று கையைக் காட்டினார் ஆய்வாளர் அம்மா. "குடும்பத்து ஆள் நிரந்தரமா குடியிருக்கிற அறைதான் வீட்டுக் கணக்குல வரும். சாமான் அறை வராது. விருந்தாளி தங்கிட்டுப் போற அறையும் வராது. இதுல இருக்கிறது யாரு? குடும்பத் தலைவர்தான் சொல்லணும்."

எல்லோர் கண்ணும் அத்தான் மேல் திரும்பின.

தோராயத்துக்கு அத்தானைத் தெரியும். அத்தான் பொய் சொல்ல மாட்டார். ஓடாத கடிகாரத்தைக் கொண்டுவந்தால், 'இது இனிமே ஓடாது' என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஆள். மாசக் கடைசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. 'இவன் ஒரு வாரம் தங்க வந்த விருந்தாளி, சீக்கிரம் போயிடுவான்' என்று சொன்னால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அத்தான் அந்த அறையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் மச்சானைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

"என் மனைவியோட தம்பி" என்றார். "மூணு வருஷமா இங்கதான் இருக்கான்."

"எப்ப கிளம்பறாரு?"

"கிளம்பல" என்றார் அத்தான். "எங்கேயும் போகல. எங்க வீட்டு ஆள்தான் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது குழந்தை படிச்சு முடிக்கிற வரைக்கும். வருஷா வருஷம் வந்து பார்ப்போம். இந்த அறை காலியா இருந்தா பள்ளியில இடமும் காலி."

குட்டி முதல் வகுப்பு. படித்து முடிக்க எத்தனை வருடம் என்று மனதுக்குள் எண்ணும்போது அத்தானின் உதடுகள் அசைந்தன. எண்ணி முடித்ததும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். "யோசிச்சுட்டேன். எழுதிக்கங்க" என்றார்.

ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டார். குட்டியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தோராயத்திடம், "அடுத்த தடவை புள்ளியைப் பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா மருந்துக்கடைக்கு நேரமாகிவிட்டதென்று சிரித்தும் அழுதும் ஓடினாள். போகிற போக்கில் தம்பியின் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்து, "சோறு மூடி வெச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ" என்றாள். இவ்வளவு நாளில் அவனிடமே நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. குட்டு வலித்தது. அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

முற்றத்தில் அவனும் அத்தானும் மட்டும் நின்றார்கள். அத்தான் அந்த அறைக்குள் போனார். மூன்று வருடத்தில் அவர் அதற்குள் போவது அதுதான் முதல் தடவை. அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். ஒரு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே, கட்டிலின் கால்மாட்டில், ஒரு வாளி இருந்தது.

"மழை பெஞ்சா ஒழுகுமா மச்சான்?"

"ஒழுகும் அத்தான்."

"எப்ப இருந்து?"

"வந்த நாள்ல இருந்தே."

"அட, ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

தோராயம் தரையைப் பார்த்தான். "சொன்னா, ரூமைக் காலி பண்ணு, சரி பண்ணணும்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு அத்தான். காலி பண்ணிட்டா திரும்பி உள்ளே விடுவீங்களோ மாட்டீங்களோன்னு."

அத்தான் வெளியே வந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். உருப்பெருக்கியை எடுத்து மச்சானின் சட்டைப் பையில் போட்டார்.

"ஏணியை எடுத்துட்டு வா" என்றார். "நான் ஏறறேன். நீ கீழே கெட்டியாப் பிடிச்சுக்க."